பந்தணைநல்லூர் வீட்டுத் தட்டுக்கழி

சித்தூரில் எனக்குப் பழக்கமான நாட்டிய ஆசிரியை ஒருவருடைய வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் போனால், கூடத்துக்குள் நுழைவதற்கு முன்பே, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, காதில் வந்து விழுகிற சப்தம் ஒன்று உண்டு. மிருதங்கமும் அல்ல, சலங்கையும் அல்ல. ஒரு சாண் அகலமுள்ள மரக்கட்டையின் மேல் கைக்கு அடக்கமான இன்னொரு மரத்துண்டு விழுகிற சப்தம் அது. கட்டைக்குத் தட்டுமனை என்றும், அதைத் தட்டுகிற கோலுக்குத் தட்டுக்கழி என்றும் பெயர். அந்த அம்மையார் சென்னையில் இருந்த காலத்தில், பந்தநல்லூர்ப் பரம்பரையில் பாடம் கேட்ட ஒருவரிடம் பதினொரு வருஷம் கற்றவர். அவர் கழியைத் தூக்குகிற விதம், தீர்மானத்தின் கடைசி அடிக்கு முன்னால் ஓர் இமைப்பொழுது கையை நிறுத்தி வைக்கிற விதம், குழந்தை தப்பாக அடி வைத்தால் வாயால் ஒன்றும் சொல்லாமல் கழியை மனையின் மேல் படுக்க வைத்துவிடுகிற விதம், இவையெல்லாம் தாமாக வந்தவை அல்ல என்று அவரே சொல்வார். ஒரு குடும்பத்தின் கைப்பழக்கம், அந்தக் குடும்பத்துக்கு எவ்வித உறவுமில்லாத ஒரு பெண்மணியின் மணிக்கட்டில் வந்து தங்கியிருக்கிறது. அந்தக் குடும்பத்தைப் பற்றித்தான் இங்கே எழுத ஆசைப்படுகிறேன்.

என் ஊர் குடிபாலா. சித்தூரிலிருந்து வேலூருக்குப் போகிற சாலையில், தெலுங்கும் தமிழும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொள்கிற பிரதேசம். எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா நடக்கும்போது, பதினெட்டு நாளும் கூத்துக்கு முன்னால் நின்று, ஆடுகிறவன் அடவு பிசகினால் தாளத்தாலேயே இழுத்துப் பிடிக்கிற வாத்தியாரைப் பார்த்து வளர்ந்தவன் நான். தபசு மரம் ஏறுகிற அர்ச்சுனனையும் படுகளத்தில் விழுகிற துரியோதனனையும் ஊரே பார்க்கும். வாத்தியாரை யாரும் பார்க்கமாட்டார்கள். ஆயினும் அவர் இல்லையென்றால் கூத்து இல்லை. பரதநாட்டியக் கச்சேரிகளுக்கு நான் போகத் தொடங்கியபோது, மேடையின் ஓரத்தில் தாளத்தை ஏந்தி அமர்ந்திருக்கும் நட்டுவனாரின் மேலேயே என் கண் முதலில் போனதற்கு அந்தப் பால்ய வாசனைதான் காரணமாக இருக்கவேண்டும்.

பந்தநல்லூர் என்று இன்று வழங்குகிற ஊருக்குத் தேவாரம் பெற்ற பழைய பெயர் பந்தணைநல்லூர். உமாதேவி பந்தாடிக்கொண்டிருந்தாள் என்றும், ஆட்டத்தின் சுவையில் காலம் போனது தெரியாமல் ஆடினாள் என்றும், சூரியன்கூட அவளுக்காக அஸ்தமிக்கத் தயங்கினான் என்றும், ஈசன் அந்தப் பந்தைக் காலால் எற்ற அது வந்து அணைந்த இடமே இந்த ஊர் என்றும் தல புராணம் சொல்லும். காலின் வீச்சில் பிறந்த ஊரில் அடவுக்கு ஒரு பாணி பிறந்தது தற்செயல்தான். ஆனாலும் ரசிகனுக்கு அது இன்பம் தருகிற தற்செயல். கும்பகோணத்துக்கும் மாயூரத்துக்கும் எட்டுகிற தூரத்தில், காவிரிப் பாசனத்து வயல்களுக்கு நடுவே, பசுபதீசுவரர் கோயிலைச் சுற்றி அமைந்த அந்தச் சிற்றூரில், 1869இல் பிறந்த மீனாக்ஷிசுந்தரம் பிள்ளை என்ற ஒரு மனிதருடைய வீடே பள்ளிக்கூடமாக இருந்தது. பெயர்ப்பலகை இல்லை, பாடத்திட்டம் இல்லை, பரீக்ஷை இல்லை. ஆனால் இந்தியாவில் நாட்டியம் கற்ற எத்தனையோ பேருடைய உடம்பில் அந்த வீட்டின் முத்திரை இருக்கிறது.

அந்த வீட்டின் மூலதனம் தஞ்சாவூரிலிருந்து வந்தது. நட்டுவனார் சுப்பராயருடைய பிள்ளைகளாகப் பிறந்து, முத்துஸ்வாமி தீக்ஷிதரிடம் சங்கீதம் பயின்று, சரபோஜி மன்னர் காலத்திலும் அவருக்குப் பின் வந்த சிவாஜி மன்னர் காலத்திலும் தஞ்சை அரண்மனையையும் பெரிய கோயிலையும் தங்கள் கலையால் நிறைத்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற சகோதரர் நால்வரையும் தஞ்சை நால்வர் என்று உலகம் அறியும். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்று எந்தக் குழந்தையும் வரிசையாக ஒப்பிக்கிற அந்தக் கச்சேரி மார்க்கத்தை ஒழுங்குபடுத்தி நிலைநிறுத்திய பெருமை அவர்களுடையது. மூத்தவர் சின்னையா மைசூர் சமஸ்தானத்துக்குப் போனார். கடைக்குட்டி வடிவேலு திருவனந்தபுரத்தில் ஸ்வாதித் திருநாள் மகாராஜாவின் சபையை அலங்கரித்து, பிடிலில் அவருக்கிருந்த அபாரமான தேர்ச்சிக்காக 1834இல் தந்தத்தினாலான பிடில் ஒன்றை அவரிடமிருந்து பரிசாகப் பெற்றார். நட்டுவனார் குடும்பத்துப் பிள்ளை அந்நிய தேசத்து வாத்தியத்தை எடுத்து, அதற்குக் கர்நாடக சங்கீதத்தில் ஆசனம் போட்டுக் கொடுத்தான் என்பதை, பரம்பரை என்றால் பழையதைப் பூட்டி வைப்பது என்று நினைப்பவர்கள் சற்றே யோசிக்கவேண்டும்.

நால்வரின் வர்ணங்களிலே தெலுங்கும் உண்டு, தமிழும் உண்டு. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அதில் ஒரு சொந்தம். கார்வேட்டிநகரத்து வேணுகோபாலன் மேல் சாரங்கபாணி பாடிய பதங்கள் தஞ்சை, சென்னை மேடைகளில் அபிநயிக்கப்படும்போது, எங்கள் சித்தூர்ச் சீமையின் பேச்சுவாடை அங்கே வீசுவது போல எனக்குத் தோன்றும். தமிழ் வீட்டில் பிறந்த நட்டுவனார் தெலுங்குச் சாகித்தியம் செய்தார். தெலுங்கு வீட்டுப் பெண் தமிழ்ப் பதத்துக்கு அபிநயம் பிடித்தாள். ‘தெய்யும் தத்த தெய்யும் தா’ என்ற சொற்கட்டுக்கோ எந்த பாஷையும் கிடையாது. எல்லை கோடு போட்டுத் தெரிகிற மண்ணில் வாழ்கிறவனுக்கு இது சின்ன ஆறுதல் அல்ல.

தஞ்சையில் இது நடந்துகொண்டிருந்த காலத்தில் ஐரோப்பாவிலும் நாட்டியம் குடும்பச் சொத்தாகவே இருந்தது. பிலிப்போ தாலியோனி என்ற தகப்பனார் தம் மகள் மரீயை நாளெல்லாம் வாட்டி எடுத்து அப்பியாசம் செய்வித்து, 1832ஆம் வருஷம் மார்ச் மாதம் பாரிஸ் நகரத்து மேடையில் ‘லா சில்ஃபீட்’ என்ற பாலே நாடகத்தில் கால்விரல் நுனியில் நிற்கச் செய்தார். அதே மார்ச் மாதத்தில்தான் தஞ்சையில் சரபோஜி மன்னர் காலமானார். கோபன்ஹேகனில் அந்த்வான் பூர்னோன்வீல் என்ற பிரெஞ்சுக்காரரும் அவர் மகன் ஆகுஸ்தும் வளர்த்த பாணியை, மகன் மறைந்த பிறகு சிஷ்யர்கள் வாரத்தில் ஞாயிறு நீங்கலாக ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு பாடமாக வகுத்து வைத்துக்கொண்டு அப்பியாசம் செய்துவந்தார்கள். 1838இல் கடலூருக்குப் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து அம்மணி முதலான தேவதாசிகளும் அவர்களுடைய வாத்தியக்காரர்களும் பாரிஸுக்குக் கப்பலேறினார்கள். தியோஃபில் கோத்தியே என்ற கவிஞர் அம்மணியின் ஆட்டத்தில் மனம் பறிகொடுத்து எழுதினார். மூன்று வருஷம் கழித்து ‘ஜிஸெல்’ என்ற பாலே நாடகத்துக்குக் கதை அமைத்தவர்களில் அவரும் ஒருவர். ழான் ஒகுஸ்த் பார் என்ற சிற்பி, தாலியோனிக்கு ஒரு சிறு வெண்கலச் சிலை செய்தவர், அம்மணிக்கும் ஒன்று செய்தார். காற்றில் மிதக்கப் பார்க்கிற ஒரு பெண்ணையும் மண்ணை மிதித்து நிற்கிற ஒரு பெண்ணையும் ஒரே கை வடித்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஓவியர் தெகா 1874இல் வரைந்த நடன வகுப்புச் சித்திரம் ஒன்றைப் பிரதியில் பார்த்திருக்கிறேன். வெண்துகில் உடுத்த பெண்கள் களைத்தும் சோம்பியும் நிற்க, நடுவில் ழூல் பெரோ என்ற வயோதிக ஆசான் நீளமான கோலொன்றை ஊன்றி நிற்கிறார். அந்தக் கோலைப் பார்த்ததும் எனக்குத் தட்டுக்கழிதான் ஞாபகம் வந்தது. அங்கேயும் ஆசான் கோலால் தரையைத் தட்டித் தாளம் காட்டினார். அதற்கு முந்திய தலைமுறைகளில் கைக்கடக்கமான சின்னப் பிடிலைத் தோளில் வைத்து, தாமே வாசித்துத் தாமே திருத்தினார். ஆனால் பெரோவின் கோல் பேசுவதில்லை. நம் நட்டுவனாருடைய கழிக்கு வாய் உண்டு. கழி ஒன்று தட்ட, நா ஒன்று சொல்ல, இரண்டும் சேர்ந்துதான் ஜதி.

மீனாக்ஷிசுந்தரம் பிள்ளை நால்வரின் வழித்தோன்றல். அவர் நடுவயதைத் தாண்டிய நாளில் தேசத்தின் காற்று மாறிவிட்டிருந்தது. கோயிலில் பொட்டுக்கட்டிய பெண்களின் ஆட்டத்தைச் சதிர் என்று சொல்லி முகம் சுளிப்பதும், அதை ஒழிக்கவேண்டும் என்று இயக்கம் நடத்துவதும் படித்தவர் மத்தியில் நாகரிகமாயிருந்த வேளையில், ஈ. கிருஷ்ணய்யர் என்ற வக்கீல் தாமே பெண்வேஷம் பூண்டு ஆடியும், சென்னை சங்கீத வித்வத் சபையின் காரியதரிசியாக இருந்து மேடை அளித்தும் அந்தக் கலைக்காக வாதாடினார். 1931இலும் 1933இலும் அந்தச் சபையில் ஆடிய கல்யாணியின் பெண்கள் ராஜலக்ஷ்மி, ஜீவரத்னம் இருவருக்கும் ஆசான் பந்தநல்லூர்ப் பெரியவரே. பெரிய மனிதர்களின் பார்வை மெல்லத் திரும்பியது. ஒரு கலையின் தலைவிதி ஒரு சாயங்காலத்தில் மாறிவிடாது. ஆனால் மாறத் தொடங்குவதற்கு ஒரு சாயங்காலம் வேண்டியிருக்கிறது.

ருக்மிணி தேவியின் கதை எல்லாருக்கும் தெரிந்தது. ஆதலால் சுருக்கமாகச் சொல்லுகிறேன். ருஷ்யத்து அன்னா பாவ்லோவாவின் நட்பினால் பாலே நடனத்தில் ஈடுபட்டு, அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாடம் கேட்டவர், உன் தேசத்து நாட்டியத்தைத் தேடு என்று பாவ்லோவா சொன்ன சொல்லை மனத்தில் வாங்கிக்கொண்டு, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பிறகு மீனாக்ஷிசுந்தரம் பிள்ளையிடமும் வந்து சேர்ந்தார். அறுபத்தைந்து வயதைக் கடந்த ஆசான், முப்பது வயதைக் கடந்த சிஷ்யை. 1935ஆம் வருஷம் டிசம்பர் கடைசியில் அடையாற்றில், பிரம்மஞான சபையின் வைர விழாவில், ருக்மிணி தேவி மேடையேறினார். அடுத்த ஜனவரியில் கலாக்ஷேத்திரம் உதயமாயிற்று.

இவ்வளவு பிரசித்தமில்லாத ஆனால் எனக்கு அதிக ருசியாயிருக்கிற பகுதி, அதற்குப் பின் அந்தக் கிராமத்து வீட்டில் நடந்தது. பெங்களூரிலிருந்து ராம்கோபால் வந்தார். மங்களூரில் பிறந்த சாந்தா ராவ் வந்தார். மிருணாளினி சாராபாய் வந்தார். கிருஷ்ணராவ், சந்திரபாகா தேவி என்ற கன்னடத் தம்பதி வந்தார்கள். மின்சார ரயிலும் நாடகக் கொட்டகையும் பழகிய பட்டணத்து மனிதர்கள், அந்தச் சிற்றூரின் வெயிலிலும் கொசுவிலும் தங்கி, விடியலுக்கு முன்பே எழுந்து மண்தரையில் அரைமண்டி போட்டு உட்கார்ந்தார்கள். பெரியவருக்கு இங்கிலீஷ் தெரியாது. வந்தவர்களில் சிலருக்குத் தமிழ் சரியாக வராது. கழிதான் துபாஷி. பாடம் எழுதிக்கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. அவர் சொல்லுவார், கழி தட்டும், உடம்பு வாங்கிக்கொள்ளவேண்டும். மறந்துபோனால் மறுநாள் மீண்டும் முதலிலிருந்து. ராம்கோபால் 1939இல் லண்டனில் ஆடி அந்நகரத்து ரசிகர்களை வியக்க வைத்ததற்கும், 1960இல் பாலே உலகின் மகாராணிகளில் ஒருவரான அலிஷியா மார்க்கோவாவோடு ராதையும் கிருஷ்ணனுமாக வேஷமிட்டு ஆடியதற்கும் அடியில் பந்தநல்லூர் மண்ணும் இருந்தது.

ஒரு குடும்பம் தன் குலதனத்தை இப்படி அந்நியருக்கு அள்ளிக் கொடுத்ததை நான் சாமானியமாக நினைப்பதில்லை. எங்கள் பக்கத்துக் கூத்து வாத்தியார்களில் சிலர், மருமகனுக்குக்கூடக் கடைசி விருத்தத்தைச் சொல்லித் தராமல் கண்மூடியதைக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

இனி, அந்தப் பாணியின் லக்ஷணம் என்னவென்று கேட்பவருக்கு, ஓர் அடவை எடுத்துக்காட்டுவதே நல்லது. நாட்டடவு. அரைமண்டியில் முழங்கால்கள் இரு பக்கமும் விரிந்து, இடுப்பு இறங்கி, முதுகு தூணைப்போல நிமிர்ந்திருக்க, ஒரு கால் பக்கவாட்டில் நீண்டு குதிகால் மட்டும் தரையில் நாட்டப்படும். அதே கணத்தில் அந்தப் பக்கத்துக் கை, தோளிலிருந்து விரல்நுனி வரை, காலின் கோட்டுக்கு ஒப்பாக நீளும்; கண் அந்த விரலைத் தொடரும். அவ்வளவுதான். பார்ப்பவனுக்கு ஒரு முக்கோணம் தெரிந்து, தெரிந்த மாத்திரத்தில் கலைந்து, மறுபக்கம் இன்னொரு முக்கோணம் எழுகிறது. சாதாரண ஆட்டக்காரி கையை நீட்டிவிட்டு உடம்பையும் அதன்கூட இழுத்துக்கொண்டு போய்விடுவாள். பந்தநல்லூர்ப் பாடம் கேட்டவளுடைய இடுப்பு அசையாது. கோடு உடம்பிலிருந்து புறப்படவேண்டுமே தவிர, உடம்பு கோட்டின் பின்னால் ஓடக்கூடாது. அரைமண்டி என்பது பாலேக்காரர்கள் முழங்காலை விரித்துத் தாழ்கிற நிலைக்கு உறவுதான். ஆனால் அவர்களுக்கு அது எழும்புவதற்கு முன்னுள்ள ஒரு மூச்சு, நமக்கு அதுவே வசிக்கும் இடம்.

இத்தகைய கோடுகளை அடுக்கி, வசந்தா, சாவேரி முதலிய ராகங்களில் அமைந்த ஜதிஸ்வரங்களுக்கு அந்த வீட்டார் கட்டிவைத்த அடவுக் கோர்வைகளைப் பார்க்கும்போது, கணக்குப் போட்டவர் ஒரு கவிஞர் என்பது விளங்கும். ஸ்வரம் ஏறுமிடத்தில் அடவு ஏறுவதில்லை. சில சமயம் ஸ்வரம் நெருங்கி ஓட, ஆடுகிறவள் ஓர் அடியை அகல வைத்து நிற்பாள். அந்த நிற்றலில் இருக்கிற சுகம் துள்ளலில் கிடைப்பதில்லை. அபிநயத்திலும் அப்படியே. தோடி வர்ணத்திலோ பைரவி வர்ணத்திலோ தாபத்தைக் காட்டுகிற நாயகி, புருவத்தை நெரித்துக் கண்ணீர் விட்டு அரற்றுவதில்லை. பாதிக் கண் தாழ்த்துகிறாள், கை சற்றுத் தளர்கிறது, அதற்குள் தீர்மானம் வந்துவிடுகிறது. மிகையாகச் செய்தால் பெரியவர் ஒப்பமாட்டார் என்கிற கட்டுப்பாடு, இரண்டு தலைமுறை கழித்தும் அந்த முகங்களில் தெரிகிறது.

மீனாக்ஷிசுந்தரம் பிள்ளை 1954இல் காலமானார். அவருடைய மருமகனான சொக்கலிங்கம் பிள்ளை கலாக்ஷேத்திரத்தில் ஆசிரியராயிருந்து, 1943இல் அதை விட்டு நீங்கினார். அதன்பின் அங்கே பரம்பரைக்கு வெளியே பிறந்தவர்களும் தாளத்தைக் கையில் எடுத்தார்கள். நட்டுவாங்கம் என்ற காரியம் குலத்தின் கையிலிருந்து பள்ளியின் கைக்குப் போன அந்தத் திருப்பத்தை நம்முடைய நாட்டிய சரித்திரத்தில் அரங்கேற்றங்களுக்குக் கொடுக்கிற இடத்தில் பாதியாவது கொடுத்து எழுதியிருக்கவேண்டும். சொக்கலிங்கம் பிள்ளையும், பாட்டனாரின் கைக்குள்ளேயே சிறுவயதில் வளர்ந்த அவர் குமாரர் சுப்பராய பிள்ளையும், சென்னையில் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். இருவரிடமும் கற்ற அலர்மேல் வள்ளியின் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வீட்டுக் கோடு இன்னும் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று நான் சொல்லவேண்டியதில்லை. சுப்பராய பிள்ளை 2008இல் மறைந்தார். மற்றொரு கிளையில், பாலசரஸ்வதியை உருவாக்கிய கந்தப்ப பிள்ளை. தஞ்சையில், பொன்னையா பிள்ளையும் அவர் குமாரர் கிட்டப்பா பிள்ளையும். 1933ஆம் வருஷத்துச் சங்கீத கலாநிதி அந்தப் பொன்னையா பிள்ளையே. கிட்டப்பா பிள்ளை, நால்வரின் உருப்படிகளைக் குடும்பத்து ஏடுகளிலிருந்து எடுத்துப் பதிப்பித்து வெளியிட்டிராவிட்டால், அவற்றில் பல பெட்டிக்குள்ளேயே பொடிந்திருக்கும்.

ஒரு மனக்குறையை இங்கே சொல்லியாக வேண்டும். பழைய சதிர்க் கச்சேரியில் நட்டுவனாரும் மேளக்காரரும் ஆடுகிறவளுக்குப் பின்னாலேயே நின்று, அவள் முன்னே வந்தால் முன்னே வந்து, பின்னே போனால் பின்னே போவார்கள். ருக்மிணி தேவி அவர்களை மேடையின் ஒரு பக்கத்தில் உட்கார வைத்தார். பார்வைக்கு அது அழகாகவே இருந்தது, நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பக்கத்துக்குப் போனவர்கள் மெல்ல மெல்ல நினைவின் ஓரத்துக்கும் போய்விட்டார்கள். அவர்களோடு, அந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் உடம்பில் சுமந்த பெண்களும் போனார்கள். பொட்டுக்கட்டுவதைத் தடுத்த 1947ஆம் வருஷத்துச் சட்டம் நியாயமானதே. ஒரு பெண்குழந்தையின் வாழ்வைப் பிறப்பிலேயே விதித்துவிடும் வழக்கத்துக்கு எவரும் வக்காலத்து வாங்க முடியாது. எனினும், வழக்கத்தை ஒழித்த கையோடு அந்தப் பெண்களின் வித்தையையும் நாம் அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டு, அதற்குப் புதுப் பெயர் சூட்டி, கொடுத்தவர்களை அழைப்பிதழில் போட மறந்தோம். பந்தநல்லூர் ஆசானின் பெயராவது நிலைத்தது. சபையில் அன்றைக்கு ஆடிய அந்த இரண்டு பெண்களின் முகத்தை எத்தனை பேர் அறிவார்கள்?

சென்ற மாதம் சித்தூர் வீட்டில் நான் உட்கார்ந்திருந்தபோது, ஏழெட்டுக் குழந்தைகள் நாட்டடவில் நின்றார்கள். பாதிப்பேர் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள். முதற்காலம், இரண்டாங்காலம் ஒழுங்காகப் போயிற்று; மூன்றாங்காலத்தில் கடைசி வரிசையில் நின்ற சிறுமியின் இடுப்பு கையோடு கூடச் சாய்ந்தது. கழி மனையின் மேல் படுத்துவிட்டது. எல்லாரும் நின்றார்கள்.

“நான் எங்க தப்பு பண்ணேன் டீச்சர்?” என்றாள் அவள்.

“சொல்லமாட்டேன் கண்ணு. நீயே கண்டுபிடி.”

அவள் தனியாக அரைமண்டியில் அமர்ந்து, தாளமில்லாமல், மெதுவாக ஒரு தடவை காலை நீட்டினாள், நிறுத்தினாள். கண்ணாடியில்லாத சுவரைப் பார்த்தபடியே இடுப்பை ஒரு விரற்கடை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஆசிரியை கழியைக் கையில் எடுத்தார்.